விதர்பிக்குப் பற்றிமா எழுதிய மூன்று கடிதங்கள்

பீல் நகரத்து மணிக்கூட்டுத் தொழிற்சாலை ஒன்றில் முள்ளுப் பூட்டுகிற பற்றிமாவிடம் சுவிஸ் நாட்டு அமைச்சர்கள் ஏழு பேரின் பெயரையும் கேட்டால் நாலாவது பெயரோடு நின்றுவிடுவாள். ஆனால் இங்கிலாந்துப் பாராளுமன்றத்தில் மால்கம் விதர்பி என்ற உறுப்பினர் எந்த ஆண்டில் எந்தச் சட்டத்துக்கு எந்தப் பக்கம் நின்றார் என்று கேளுங்கள், தேதியோடு சொல்லுவாள். அந்த மனிதரை அவள் ஒருநாளும் நேரில் கண்டதில்லை. அவருடைய கொள்கைக்கும் அவளுக்கும் ஏழாம் பொருத்தம். இருந்தும் ஏறக்குறைய இருபது வருசமாக அவர் அங்கே வாய் திறந்த போதெல்லாம் இங்கே இவள் காது கொடுத்துக்கொண்டிருந்தாள்.

தம்பி றொபின்சனால் வந்த வினை அது. இரண்டு பேரும் மன்னார் அடம்பனில் பிறந்தவர்கள். பற்றிமா 1992இல் சுவிசுக்கு வந்து, பீலில் பஸ் ஓட்டுகிற கிளமென்றைக் கலியாணம் முடித்தாள். தம்பி ஊரிலேயே நின்றான். 1999இல் இராணுவம் அவனைப் பிடித்து மூன்று மாதம் வைத்திருந்து விட்டது. விட்ட பிறகு அவன் முதுகை வீட்டில் ஒருவரும் இரண்டாம் தரம் பார்க்கவில்லை. அடுத்த வருசம் ஏஜென்சிக்காரன் ஒருவனின் கையில் அவனை ஒப்படைத்தார்கள். எத்தனையோ எல்லை தாண்டி, கடைசியில் தக்காளி ஏற்றின லொறிக்குள் ஒளிந்துகிடந்து இங்கிலாந்தில் போய் இறங்கினான். அரசாங்கம் அவனைக் கிழக்குக் கரையில் ஒரு மீன்பிடித் துறைமுக நகரத்தில் கொண்டுபோய் இருத்தியது.

2003 தை மாதம் அவனுடைய அகதி விண்ணப்பம் கடைசியாக நிராகரிக்கப்பட்டது. இலங்கையில் சமாதானப் பேச்சு நடக்கிறது, பயமில்லாமல் போகலாம் என்று எழுதியிருந்தார்கள். வக்கீல் கையை விரித்துவிட்டார். ஓடிப்போய்த் தம்பியைப் பார்க்கப் பற்றிமாவுக்கும் வழியில்லை. அவளிடம் அப்போது இருந்தது எஃப் ஆவுஸ்வைஸ். தற்காலிகமாக இருக்கவிட்டிருக்கிறோம் என்பதற்கு மேல் அந்த அட்டையில் ஒன்றும் இல்லை. அதை வைத்துக்கொண்டு எல்லை தாண்ட முடியாது.

ஊரில் ஆளைப் பிடித்துக்கொண்டு போனால் சனம் என்ன செய்யும்? பாதரிடம் ஓடும், அதற்குப் பிறகு எம்.பி.யிடம் ஓடும். பற்றிமாவுக்குத் தெரிந்த வழியும் அதுதான்.

"அங்கை உங்கட இடத்துக்கு எம்.பி. எண்டு ஒருத்தரும் இல்லையோ?" என்று ரெலிபோனில் கேட்டாள்.

"எனக்கு வோட்டே இல்லை அக்கா. எனக்கென்ன எம்.பி.?"

"வோட்டு இல்லாட்டில் என்ன. நீ அந்த ஊரிலதானே இருக்கிறாய். பேரைத் தேடிப் பார்."

றொபின்சன் தேடவேண்டி இருக்கவில்லை. போன கிழமைதான் கதவுத் துவாரத்தால் ஒரு துண்டுப் பிரசுரம் வந்து விழுந்திருந்தது. அதில் ஒரு மனிதரின் படமும் பேரும் விலாசமும் இருந்தன. மற்ற எழுத்தெல்லாம் அவனுக்கு விளங்கவில்லை. பேரையும் விலாசத்தையும் மட்டும் எழுத்து எழுத்தாகச் சொன்னான். இவள் வனேசாவின் பள்ளிக்கூடக் கொப்பியில் எழுதிக்கொண்டாள். மகள் வனேசாவுக்கு அப்போது ஏழு வயது.

முதலாவது கடிதத்தை எழுதி முடிக்க இரண்டு ஞாயிற்றுக்கிழமை பிடித்தது. ஒரு பக்கம் அகராதி, ஒரு பக்கம் ஊரில் எட்டாம் வகுப்பில் படித்த இங்கிலிஷ். மரியாதைக்குரிய ஐயா, என் தம்பி உங்கள் ஊரில் இருக்கிறான், அவனைத் திருப்பி அனுப்பினால் அவன் எங்களுக்கு இல்லை, தயவுசெய்து அவன் சொல்வதை ஒருமுறை கேளுங்கள். இவ்வளவுதான் கடிதம். கிளமென்ற் அதை வாசித்துப் பார்த்துவிட்டு முத்திரை ஒட்டினான்.

பத்தொன்பது நாளில் பதில் வந்தது. தாளின் தலைப்பில் பச்சை மையில் பாராளுமன்றத்தின் சின்னமான கோட்டைக் கதவு அச்சடித்திருந்தது. "நீங்கள் என் தொகுதியில் வசிப்பவர் அல்லர். ஆகவே உங்களுக்காக நான் ஒன்றும் செய்ய வழக்கம் இடம் தராது. உங்கள் தம்பி என் தொகுதியில் வசிக்கிறார். சனிக்கிழமைகளில் காலை பத்து மணிக்கு நகர நூலகத்தில் மக்களைச் சந்திக்கிறேன். அவரை வரச் சொல்லுங்கள்."

றொபின்சன் இரண்டு சனிக்கிழமை போகாமல் இருந்தான். "பொலிசையும் கூட்டிக்கொண்டு நிண்டால்?" என்றான்.

"லைப்ரரிக்குள்ள என்ன பொலிஸ். போ."

மூன்றாவது சனிக்கிழமை போனான். நெடுத்த, ஒல்லியான மனிதர். கழுத்துப் பட்டியில் வாத்துப் படங்கள். சிறுபிள்ளைகளின் புத்தகங்கள் அடுக்கியிருந்த மூலையில் ஒரு சின்ன மேசை போட்டு இருந்தார். இவனுக்கு முன்னால் ஒரு கிழவி, ரோட்டில் நாய் அசிங்கம் பண்ணுகிறது என்று இருபது நிமிசம் முறைப்பாடு சொன்னாள். அதையும் அவர் எழுதிக்கொண்டார். பிறகு றொபின்சனிடம், எப்படி இந்த நாட்டுக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

"லொறியில, சேர். ஒளிச்சு வந்தனான்."

அதையும் எழுதினார். முதுகைக் காட்டலாமா என்று றொபின்சன் கேட்டான். அவர் எழும்பிப்போய் அந்த மூலையை மறைத்து நின்றார். பார்த்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பப் போட்டார். "நன்றி. சட்டையைப் போடுங்கள்" என்றார்.

வைகாசியில் றொபின்சனைப் பிடித்து விமான நிலையத்துக்குப் பக்கத்தில் அடைத்தார்கள். கொழும்புக்கு ரிக்கற்றும் போட்டாயிற்று. விதர்பி உள்துறை அமைச்சுக்கு எழுதினார், பிறகு போன் எடுத்தார், பிறகு நேரில் போனார். பிளேனுக்கு முதல்நாள் பின்னேரம் றொபின்சனின் பெயரைப் பட்டியலில் இருந்து எடுத்தார்கள். டொக்டர் ஒருவர் அவன் முதுகைப் பார்த்து ஒன்பது பக்கத்தில் அறிக்கை எழுதினார். 2004 கார்த்திகையில் அவனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள். பற்றிமா பீல் ஏரியின் படம் போட்ட ஒரு கார்ட் வாங்கி, "நன்றி ஐயா, கடவுள் உங்களை ஆசீர்வதிப்பார்" என்று எழுதி அனுப்பினாள்.

அதோடு விட்டிருக்கலாம். ஆனால் தம்பியின் உயிரைக் காப்பாற்றின மனிதர் ஆர், எப்படிப்பட்டவர் என்று அறிய அவளுக்கு ஆசை வந்தது. நகர நூலகத்தில் கொம்பியூட்டர் இருந்தது. அங்கே உட்கார்ந்து அவர் பெயரைத் தேடினாள். பாராளுமன்றத்தில் பேசுகிற ஒவ்வொரு வசனத்தையும் அவர்கள் எழுதி வைத்து உலகத்துக்குத் திறந்து விட்டிருக்கிறார்கள் என்று அன்றைக்குத்தான் அவளுக்குத் தெரிந்தது. றொபின்சன் சட்டையைக் கழற்றின அதே கிழமை, புதன்கிழமை, விதர்பி எழும்பிப் பேசியிருந்தார். எங்கள் நகரம் நிரம்பி வழிகிறது, அகதி என்று சொல்லிக்கொண்டு களவாக நுழைகிறவர்களைச் சுணக்கமில்லாமல் திருப்பி அனுப்பவேண்டும், இந்த நாட்டின் நல்ல மனதை இவர்கள் சுரண்டுகிறார்கள்.

மூன்று தரம் வாசித்தாள். அகராதியை மாற்றி வேறு அகராதியிலும் பார்த்தாள். அன்றைக்கே றொபின்சனிடம், பழைய துண்டுப் பிரசுரம் கிடந்தால் வாசி என்றாள். இப்போது அவனுக்கு இங்கிலிஷ் விளங்கும். அதிலும் அதுதான் எழுதியிருந்தது. தங்களைப் போன்றவர்களைத் திருப்பி அனுப்பச் சொல்லி அச்சடித்த காகிதத்தில் இருந்துதான் இவர்கள் விலாசம் எடுத்திருக்கிறார்கள்.

கிளமென்ற் கேட்டுச் சிரித்தான். "வலது கை செய்யிறதை இடது கை அறியக்கூடாது எண்டு வேதத்தில கிடக்கு. இந்த மனுசன்ர இடது கை செய்ததை வலது கை அறியேல்லைப் போல."

பற்றிமாவுக்குச் சிரிப்பு வரவில்லை. கெட்டவன் என்று தள்ளிவிட முடியவில்லை, நல்லவர் என்று கும்பிடவும் முடியவில்லை. அந்த மனிதரை முழுதாக வாசித்து முடித்தால்தான் நித்திரை வரும் போல இருந்தது. வியாழக்கிழமைகளில் வேலை முடிந்து நேரே நூலகத்துக்குப் போனாள். பிறகு வீட்டிலேயே கொம்பியூட்டர் வந்தது. அவர் பேசினால் மின்னஞ்சலில் அறிவிக்கிற வசதியும் வந்தது.

விதர்பி கன்சர்வேட்டிவ் கட்சியின் வலதுகோடியில் இருந்தவர். 2001இல் தொள்ளாயிரம் வாக்கு வித்தியாசத்தில் வென்று உள்ளே போனவர். பதவி ஒன்றும் இல்லாமல் பின்வரிசையில் இருக்கிற உறுப்பினர். அவருக்கு மூன்று விசயம்தான் தெரியும் என்று பத்திரிகைகள் பகிடி பண்ணும். கடலணை, மீன், வெளிநாட்டார். கடல் அவருடைய ஊரை வருசத்துக்கு இரண்டு மீற்றர் தின்றுகொண்டிருந்தது. அணை கட்டித் தாருங்கள் என்று வருசம் தவறாமல் கேட்டார். எந்தக் கட்சி ஆட்சியில் இருந்தாலும் கேட்டார். 2010இல் சொந்தக் கட்சி ஆட்சிக்கு வந்தபோதும் பதவி கிடைக்கவில்லை. ஐரோப்பா விசயத்தில் தன் தலைவருக்கே எதிராக நிற்கிற ஆளுக்கு ஆர் பதவி கொடுப்பார்கள்? அப்போதும் அணை கேட்டார்.

இதையெல்லாம் வாசித்து வாசித்தே பற்றிமாவின் இங்கிலிஷ் தேறிவிட்டது. தொழிற்சாலைக்கு இங்கிலிஷ்காரர் வந்தால் மேற்பார்வையாளர் அவளைக் கூப்பிடுவார். அவள் கொஞ்சம் பழைய காலத்து மரியாதையோடு பேசுவாள். எங்கே படித்தாய் என்று கேட்பார்கள். பாராளுமன்றத்தில் என்று சொன்னால் பகிடி என்று நினைப்பார்கள்.

2009 சித்திரையில் அக்கா தம்பியின் தாய் வன்னியில் கடைசிச் சண்டைக்குள் அகப்பட்டுவிட்டாள். பற்றிமாவும் கிளமென்றும் பீலில் இருந்து ரயிலேறி ஜெனீவாவுக்குப் போய் ஐ.நா. முன்றலில் சனத்தோடு சனமாக நின்றார்கள். றொபின்சன் வேறு எங்கும் போகவில்லை. சனிக்கிழமை காலை நூலகத்துக்குப் போனான். அடுத்த செவ்வாய்க்கிழமை, ஏறக்குறைய வெறுமையாகக் கிடந்த சபையில் விதர்பி எழும்பி, வன்னிக் கடற்கரையில் எத்தனை பொதுமக்கள் நிற்கிறார்கள், அவர்களுக்கு இந்த அரசாங்கம் என்ன செய்கிறது என்று இரண்டு கேள்வி கேட்டார். அந்தக் கடற்கரை ஊரின் பெயரை மூன்று துண்டாக உடைத்துச் சொன்னார். பதில் வழுக்கலாக வந்தது. பேசினது இரண்டு நிமிசம்கூட இல்லை. தாய் பிறகு முகாமில் இருந்து உயிரோடு வெளியே வந்தாள், அதற்கும் அந்தக் கேள்விகளுக்கும் தொடர்பு ஒன்றும் இல்லை. ஆனாலும் அந்த இரண்டு நிமிசத்தைப் பற்றிமா கடைசிவரை கணக்கில் வைத்திருந்தாள்.

2013இல் அவளுக்குச் சுவிஸ் குடியுரிமை கிடைத்தது. அடுத்த மாசி மாதமே வெளிநாட்டார் வருகையைக் கட்டுப்படுத்துகிற வாக்கெடுப்பு வந்தது. அவள் வாழ்க்கையில் போட்ட முதல் வாக்கு அது. வேண்டாம் என்று எழுதிப் போட்டாள். முழு நாட்டிலும் இருபதினாயிரத்துக்குக் குறைவான வாக்கில் அவள் பக்கம் தோற்றது. அந்தக் கிழமையே மின்னஞ்சல் வந்தது. சுவிஸ் மக்களின் துணிவைப் பாருங்கள், அவர்களிடம் நாங்கள் படிக்கவேண்டும் என்று விதர்பி பேசியிருந்தார்.

"நான் எதிர்த்துப் போட்டனான் எண்டு அவருக்கு ஆர் சொல்லுறது" என்றாள் கிளமென்றிடம்.

இதற்கிடையில் றொபின்சன் வேறொரு ஆளாகிக்கொண்டிருந்தான். சுஜானியைக் கலியாணம் கட்டினான். மீன் பதனிடுகிற ஆலையில் மேற்பார்வையாளன் ஆனான். 2011இல் பிரித்தானியக் குடியுரிமை எடுத்து, எடுத்த நாளில் இருந்து ஒவ்வொரு தேர்தலிலும் விதர்பிக்கே போட்டான். அது நன்றிக்கடன் என்று பற்றிமா விட்டுவிட்டாள். 2016இல் ஐரோப்பாவை விட்டு வெளியேறவும் போட்டான். அதையும் விட்டுவிட்டாள். 2019 மார்கழியில் சுஜானி ஒரு படம் அனுப்பினாள். கன்சர்வேட்டிவ் கட்சியின் நீலப் பூ குத்திக்கொண்டு, விதர்பிக்குப் பக்கத்தில், கையில் துண்டுப் பிரசுரக் கட்டோடு தம்பி நிற்கிறான். பிரசுரத்தில் அகதிகளை ஏற்றின சிறு படகு ஒன்றின் படம். அதன் மேல் சிவப்புக் கோடு.

அவள் போன் எடுத்தாள். "இதை வீடு வீடாகக் குடுக்கிறியோ?"

"ஓம். எங்கட ஊர் ஆஸ்பத்திரியில இடமில்லை அக்கா. பள்ளிக்கூடத்தில இடமில்லை. எல்லாரும் வந்துகொண்டே இருந்தா?"

"நீ எதில வந்தனி?"

"அது வேற, இது வேற."

"என்ன வேற? தக்காளியோ வேற?"

"நீ அங்கை இருந்து கதைக்கிறாய். இஞ்சை இருந்து பார்" என்று வைத்துவிட்டான். அதற்குப் பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும் மட்டும் கதைத்தார்கள். பிள்ளைகள் சுகமோ, ஓம் சுகம். அவ்வளவுதான்.

2022இல் ஒரு அதிசயம் நடந்தது. ஓரமாகக் கிடந்த விதர்பியைப் பிடித்து உள்துறையில் துணை அமைச்சர் ஆக்கினார்கள். அடுத்த வசந்தத்தில், படகில் வருகிறவர்களின் விண்ணப்பத்தைப் பாராமலே திருப்பி அனுப்புகிற சட்டத்தைச் சபையில் நடத்திச் செல்கிற பொறுப்பு அவருக்கு வந்தது. பற்றிமா இரண்டாவது கடிதத்தை எழுத உட்கார்ந்தாள். இருபது வருசத்துக்குப் பிறகு, அகராதி இல்லாமல், ஒரே இருப்பில்.

ஐயா, நீங்கள் என்னை மறந்திருப்பீர்கள். நான் சுவிற்சர்லாந்தில் மணிக்கூடு செய்கிறவள். 2003இல் என் தம்பிக்காக எழுதினேன். நீங்கள் அவனைக் காப்பாற்றினீர்கள். இவர்கள் படகில் வருவதுபோல அவன் லொறியில் ஒளிந்து வந்தான். இந்தச் சட்டம் அப்போது இருந்திருந்தால் அவன் சொன்னதை நீங்கள் கேட்டிருக்கவே முடியாது. இவர்களுடைய முதுகையும் ஆராவது ஒருவர் பார்க்கவேண்டும் ஐயா.

பதில் வரவில்லை. அதற்குப் பதிலாக மூன்று கிழமை கழித்து மின்னஞ்சல் அறிவிப்பு வந்தது. மதிய இடைவேளையில், தொழிற்சாலையின் சாப்பாட்டு அறையில், ஒரு கையில் பாண் துண்டை வைத்துக்கொண்டு வாசித்தாள். எதிர்க்கட்சி உறுப்பினர் ஒருவர் அமைச்சருக்கு இரக்கமே இல்லையா என்று கேட்டிருந்தார். விதர்பி பதில் சொல்லியிருந்தார்: "சுவிற்சர்லாந்தில் மணிக்கூடு செய்கிற ஒரு பெண்மணி எனக்கு எழுதியிருக்கிறார். இருபது ஆண்டுக்கு முன் அவருடைய தம்பிக்கு நான் உதவினேன். அவர் முறையான வழியில், சட்டப்படி இந்த நாட்டுக்கு வந்தவர். இன்று எங்கள் ஊரின் பெருமை. அப்படிப்பட்டவர்களுக்கு இந்த நாட்டின் கதவு என்றும் திறந்திருக்கும்." அவருடைய கட்சியார் ஆமோதித்து ஒலி எழுப்பினார்கள் என்று அடைப்புக்குள் போட்டிருந்தது.

பாண் கையிலேயே இருந்தது. தன்னைப் பற்றி அந்தப் பெரிய சபையில் பேசியிருக்கிறார்கள் என்று முதலில் நெஞ்சு ஒருக்கால் பொங்கியது, அது உண்மை. பிறகுதான் மற்றது ஏறியது. தான் எதற்கு எதிராக எழுதினாளோ அதற்கே தன் கடிதத்தைச் சாட்சிக்குக் கூப்பிட்டுவிட்டார். அதுவும் பொய்ச் சாட்சிக்கு. அன்று பின்னேரம் அவள் பூட்டின முள்ளுகளில் இரண்டு பிழையென்று திரும்பி வந்தன. அவளுக்கு அப்படி நடந்து பல வருசம்.

வீட்டுக்கு வந்து மகளிடம் காட்டினாள். வனேசா இப்போது பேர்ன் ஆஸ்பத்திரியில் தாதி. "பேப்பருக்கு எழுதுங்கோ அம்மா" என்றாள்.

"பேப்பருக்கு என்னத்துக்கு. பிழையாச் சொன்னா அவையே திருத்தலாம். அதுக்கு ஒரு முறை இருக்கு."

அவளுக்கு அது தெரியும். ஒருமுறை ஓர் அமைச்சர் ஹெரிங் மீன் எத்தனை தொன் பிடிபட்டது என்று பிழையாகச் சொல்லிவிட்டு, பிறகு பதிவில் திருத்தம் போட்டதை அவள் வாசித்திருக்கிறாள். மீனுக்குத் திருத்தம் போட்டவர்கள் மனிசனுக்குப் போடமாட்டார்களா? ஆனால் திருத்தம் கேட்பதென்றால் தம்பி எப்படி வந்தான் என்பது வெளியே வரும். பெயர் இல்லாவிட்டாலும் அந்தச் சின்ன ஊரில் ஆருக்கும் விளங்கும். கட்சிக்காரர் அவனுடைய கூட்டாளிகள். அவனைக் கேட்காமல் எழுதக்கூடாது.

நத்தாரும் இல்லை, உயிர்த்த ஞாயிறும் இல்லை. அக்கா போன் எடுத்ததும் றொபின்சன் பயந்துவிட்டான். "அம்மாவுக்கு ஏதுமோ?"

"இல்லை. ஒண்டு வாசிக்கிறன், கேள்."

வாசித்தாள்.

"சட்டப்படி வந்தவர் எண்டோ சொன்னவர்?" என்று கேட்டான்.

"ஓம்."

"நான் அந்த மனுசனிட்டைப் பொய் சொல்லேல்லை அக்கா. முதல் நாளே சொன்னனான். லொறியில ஒளிச்சு வந்தனான் எண்டு. அவர் எழுதினவர், நான் பாத்தனான். எல்லாரும் அப்ப சொன்னவை, ஏதாவது கதை கட்டிச் சொல் எண்டு. நான் அவருக்கு மட்டும் உள்ளதைச் சொன்னனான்."

"திருத்தச் சொல்லிக் கேக்கப்போறன். உனக்கு இடைஞ்சல் வரும். வேண்டாம் எண்டா விட்டுடுவன்."

சுஜானி பக்கத்தில் ஏதோ கேட்பது கேட்டது. றொபின்சன் அவளுக்குப் பதில் சொல்லிவிட்டு வந்தான். "எழுது" என்றான். "எண்டாலும் சட்டம் பிழை எண்டு நான் சொல்லேல்லை. அது வேற. இதைத் திருத்தட்டும்."

மூன்றாவது கடிதம் ஐந்து வரி. ஐயா, என் தம்பி சட்டப்படி வந்தவர் என்று சபையில் சொன்னீர்கள். அவன் லொறியில் ஒளிந்து வந்தான். உங்களுக்கு முதல் நாளே சொன்னான், நீங்கள் எழுதிக்கொண்டீர்கள். அமைச்சர்கள் பதிவைத் திருத்தலாம் என்று எனக்குத் தெரியும். திருத்துங்கள்.

பதினோராம் நாள் பதில் வந்தது. இந்த முறை தட்டச்சு இல்லை, கையெழுத்து. "என் பழைய கொப்பியைத் தேடி எடுத்தேன். 'லொறி, தக்காளி' என்று என் கையாலேயே எழுதியிருக்கிறேன். அன்று சபையில் தாளைப் பாராமல் பேசினேன். அப்படி இருந்திருக்கவேண்டும் என்று நான் விரும்பியதைச் சொல்லிவிட்டேன் என்று நினைக்கிறேன். சட்டத்தைப் பற்றி உங்களோடு நான் உடன்படவில்லை. மற்றதில் நீங்கள் சொல்வது சரி."

அடுத்த திங்கட்கிழமை பாராளுமன்றப் பதிவில் திருத்தம் வந்தது. அன்று குறிப்பிட்ட நபர் சட்டப்படி நாட்டுக்குள் வந்தவர் என்று நான் கூறியது தவறு, அவர் லொறி ஒன்றில் ஒளிந்து வந்து, பின்னர் அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டவர். கீழே அவருடைய பெயர். பற்றிமா அதை வாசித்துவிட்டுக் கிளமென்றுக்கு மொழிபெயர்த்துச் சொன்னாள். அவன் பஸ் யூனிபோமோடு நின்று கேட்டுவிட்டு, "மனுசன் மனுசன்தான்" என்று மட்டும் சொன்னான்.

எதிர்க்கட்சிக்கு அது அல்வா. தன் சட்டத்தால் அனுப்பவேண்டிய ஆளைத் தானே காப்பாற்றின அமைச்சர் என்று சபையில் சிரித்தார்கள், பத்திரிகைகளும் இரண்டு நாள் எழுதின. விதர்பி முகம் மாறாமல் இருந்து, சட்டத்துக்கு வாக்களித்தார். சட்டம் நிறைவேறியது. இலையுதிர் காலத்தில் அமைச்சர்களை மாற்றினபோது அவர் பதவி போய்விட்டது. இந்தத் திருத்தத்தாலோ வேறு எதனாலோ, ஒருவரும் சொல்லவில்லை. ஊரில் றொபின்சனோடு இரண்டு கட்சிக்காரர் முகம் கொடுத்துக் கதைப்பதை விட்டார்கள். ஆலையில் வேலை செய்கிற ஒரு கிழட்டு இங்கிலிஷ்காரன் மட்டும், "தக்காளியோ?" என்று கேட்டு அவன் முதுகில் தட்டிவிட்டுப் போனானாம். அக்காவும் தம்பியும் ஞாயிற்றுக்கிழமைகளில் கதைக்கத் தொடங்கினார்கள்.

2024 ஆடி நாலாம் தேதி தேர்தல். அடுத்த நாள் விடிய, பற்றிமா வேலைக்கு வெளிக்கிட்டு பஸ் தரிப்பில் நின்றபோது போன் அடித்தது. றொபின்சன் வாக்கு எண்ணுகிற விளையாட்டு மண்டபத்தில் நின்றான்.

"தோத்திட்டார் அக்கா. அறுநூற்றிப் பதினொரு வோட்டு."

"நீ ஆருக்குப் போட்டனி?"

"அவருக்குத்தான். பிழையைத் திருத்தினவரல்லோ." பிறகு, "பொறு, உன்னோட கதைக்கட்டாம்" என்றான்.

பற்றிமா கைப்பையை மற்றக் கைக்கு மாற்றினாள். அத்தனை வருசம் வாசித்த மனிதரின் குரல் அவள் நினைத்ததைவிட மெல்லிசாக இருந்தது, நித்திரை இல்லாத குரல்.

"நீங்கள்தானா மணிக்கூட்டுக்காரப் பெண்மணி? இருபத்துமூன்று வருசத்தில் என்னைப் பதிவைத் திருத்த வைத்தவர் நீங்கள் ஒருவர்தான்."

"நீங்கள் திருத்தினீர்கள் ஐயா. நன்றி."

"நான் பேசினதெல்லாம் வாசிப்பீர்களாம். உங்கள் தம்பி சொல்கிறார். ஒன்றிலும் உடன்பாடு இருந்திருக்காது."

பற்றிமா யோசித்துப் பார்த்தாள். பொய் சொல்ல அவளுக்கு விருப்பமில்லை. "கடலணையைப் பற்றி நீங்கள் பேசினது எல்லாம் சரி" என்றாள்.

அவர் சிரித்தார். சிரிப்பு இருமலாக முடிந்தது. "அதுதான் அவர்கள் எனக்குக் கடைசிவரை தரவில்லை" என்றார். யாரோ அவரைக் கூப்பிட்டார்கள். பஸ்ஸும் வந்துவிட்டது.

ஆவணி மாதம் றொபின்சன் சுஜானியையும் இரண்டு பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு முதல்முறையாகப் பீலுக்கு வந்தான். பற்றிமாவும் கிளமென்றும் பாசல் விமான நிலையத்தில் போய் நின்றார்கள். பிளேன் இறங்கி முக்கால் மணித்தியாலம் ஆகியும் ஆளைக் காணவில்லை. ஐரோப்பாக் கடவுச்சீட்டுக்காரரும் சுவிஸ்காரரும் ஒரு பக்கத்தால் மளமளவென்று வந்துகொண்டிருந்தார்கள். பிரித்தானியருக்கு இப்போது மற்ற நாட்டார் வரிசை. கடைசியில் பெட்டிகளை இழுத்துக்கொண்டு, வேர்த்து வழிய வெளியே வந்தான்.

"என்ன அக்கா இது. ஒவ்வொரு பக்கமாத் திருப்பித் திருப்பிப் பாக்கிறாங்கள், முத்திரை குத்த. என்னத்துக்கு வந்தனீ, எத்தினை நாள் நிப்பாய் எண்டெல்லாம் கேக்கிறாங்கள்."

பற்றிமா சின்னவனைத் தூக்கிக்கொண்டாள். கிளமென்ற்தான் பெட்டி ஒன்றை வாங்கிக்கொண்டு, "நீ என்ன சொன்னனி?" என்று கேட்டான்.

"அக்காவைப் பாக்க வந்தனான் எண்டு சொன்னன்."

"பிறகு?"

"விட்டிட்டாங்கள்" என்றான் றொபின்சன். எல்லாரும் காருக்கு நடந்தார்கள்.